ஒரே சுவரின் இரு பக்கங்கள்: திவ்ரிகி பள்ளிவாசலும் மருத்துவமனையும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் அவர்கள் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

 

ஆண்டுக் கூட்டத்தில் இமாம் எழுந்தால் தொழுகையின் சிறப்பைப் பேசுவார், அல்லது ஸகாத்தின் கடமையை நினைவூட்டுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு கட்டடத்தைப் பற்றி. துருக்கி நாட்டின் சிவாஸ் மாகாணத்தில், மலைகள் சூழ்ந்த திவ்ரிகி என்னும் சிற்றூரில், ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக நின்றுகொண்டிருக்கும் ஒரு பள்ளிவாசல் அது. அதன் கிப்லாச் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு மருத்துவமனையும் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே அடித்தளம், ஒரே கல், ஒரே சிற்பாசிரியர். பள்ளிவாசலைக் கட்டி முடித்த பின், மிஞ்சிய பணத்தில் பின்புறமாகச் சேர்த்துக் கட்டிய இணைப்பு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரண்டும் ஒன்றாகவே திட்டமிடப்பட்டு, ஒன்றாகவே எழுந்தவை.

கட்டடத்திற்குள் நுழையுமுன் மதீனாவுக்கு ஒருமுறை சென்று வருவோம். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. அருகிலிருந்து நலம் விசாரிக்க ஏதுவாக, நபி (ஸல்) அவர்கள் அவருக்காகப் பள்ளிவாசலிலேயே ஒரு கூடாரம் அமைக்கச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். காயமுற்றோருக்கு மருத்துவம் செய்துவந்த ருஃபைதா (ரலி) என்னும் அம்மையாரின் கூடாரத்தைச் சீறா ஆசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆகவே தொழுகை நடக்கும் இடத்திற்கு அருகில் நோயாளியின் படுக்கையும் இருப்பது பிற்கால மன்னர்கள் புதிதாகக் கண்டுபிடித்த வழக்கமன்று. 9ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன், தாம் கட்டிய பெரும் பள்ளிவாசலின் பின்புறத்தில் ஒரு மருந்தகம் வைத்தார். ஜும்ஆ நாளில் தொழ வந்தவர் யாருக்கேனும் திடீரென்று உடல்நலம் குன்றினால் கவனிப்பதற்கென்றே ஒரு மருத்துவர் அங்கே அமர்ந்திருப்பார் என்று வரலாற்றாசிரியர் மக்ரீஸி எழுதியிருக்கிறார். ஜும்ஆவில் எத்தனை முதியவர்கள் வெயிலில் மயங்கிச் சாய்கிறார்கள் என்பதை நாமும் கண்டிருக்கிறோம். அந்த மருத்துவரின் நாற்காலியை மட்டும் எப்படியோ மறந்துவிட்டோம்.

இனி திவ்ரிகிக்கு வருவோம்.

1071ஆம் ஆண்டு மலாஸ்கிர்த் போரில் பைசாந்தியப் பேரரசு தோற்ற பின், அனடோலியாவுக்குள் குடிபுகுந்த துருக்கியத் தலைவர்களில் மெங்குஜெக் குலத்தாரும் ஒருவர். எர்சின்ஜானிலும் திவ்ரிகியிலுமாக இரு கிளைகளாகப் பிரிந்து அவர்கள் ஆண்டார்கள். திவ்ரிகியின் மலைக்கோட்டைக்குள் ஏற்கெனவே ஒரு பள்ளிவாசல் இருந்தது. 1180–81இல் ஷாஹன்ஷாஹ் என்னும் மெங்குஜெக் ஆட்சியாளர் கட்டியது அது. அரை நூற்றாண்டு கழித்து அதே குலத்தில் வந்த அஹ்மத் ஷாஹ், கோட்டைக்குக் கீழே, ஊர்மக்கள் வாழும் சரிவில், புதிய ஜும்ஆ பள்ளிவாசலை எழுப்பினார். ஆண்டு ஹிஜ்ரி 626, அதாவது 1228–29. அதே ஆண்டில், அதே சுவரை ஒட்டி, தாருஷ்ஷிஃபா எனப்படும் மருத்துவமனையை எழுப்பியவர் தூரான் மலிக் என்னும் பெண்மணி. எர்சின்ஜானை நெடுங்காலம் ஆண்ட ஃபக்ருத்தீன் பஹ்ராம் ஷாஹ் அவர்களின் மகள் இவர்; அஹ்மத் ஷாஹின் துணைவியார் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. பஹ்ராம் ஷாஹ் கல்வியையும் கவிதையையும் போற்றியவர். பாரசீகப் பெருங்கவி நிஸாமி தமது ‘மக்ஸனுல் அஸ்ரார்’ காவியத்தை அவருக்கே காணிக்கையாக்கினார்.

இங்கே ஆண்டுக் கணக்கைச் சற்றுக் கூர்ந்து கவனியுங்கள். 1228ஆம் ஆண்டில்தான் ஸல்ஜூக் சுல்தான் அலாவுத்தீன் கைகுபாத் எர்சின்ஜானைக் கைப்பற்றி, பஹ்ராம் ஷாஹின் வாரிசை அரியணையிலிருந்து அகற்றினார். தூரான் மலிக்கின் தந்தை ஆண்ட நகரம் அந்நியர் கைக்குச் சென்றுவிட்டது. உடன்பிறந்தவர் ஆட்சியை இழந்தார். திவ்ரிகிக் கிளை, சுல்தானின் மேலாதிக்கத்தை ஏற்றுத் தப்பிப் பிழைத்தது. பள்ளிவாசலின் வடக்கு வாயிற் கல்வெட்டிலேயே கைகுபாதின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது. பிறந்த வீடு சரிந்துபோன காலத்தில், கையில் எஞ்சியிருந்த செல்வத்தைக் கொண்டு கோட்டை மதிலை உயர்த்தாமல் நோயாளிகளுக்கு இல்லம் எழுப்பியவர் அந்த அம்மையார். அவருடைய மனத்தில் என்ன இருந்தது என்பதை அல்லாஹ்வே அறிவான். கல்லில் இருப்பது மட்டும் நமக்குத் தெரியும்: இது பரக்கத் பொருந்திய தாருஷ்ஷிஃபா என்று அந்த வாயிற் கல்வெட்டு கூறுகிறது.

இரண்டையும் கட்டிய சிற்பாசிரியரின் பெயரும் கல்லில் இருக்கிறது. குர்ரம்ஷாஹ், முகீஸ் என்பவரின் மகன், அஹ்லாத் ஊரைச் சேர்ந்தவர். வான் ஏரிக்கரையில் உள்ள அந்த ஊர் கல்தச்சர்களுக்குப் பெயர்பெற்றது. ஆளுயரத்துக்கும் மேல் செதுக்கப்பட்ட மீஸான் கற்கள் அங்குள்ள கபரஸ்தானில் இன்றும் வரிசையாக நிற்கின்றன. பள்ளிவாசலைக் கட்டிய மன்னர் தம்மை இறைவனின் அருளை நாடி நிற்கும் ஓர் அடியான் என்றே கல்வெட்டில் அறிமுகம் செய்துகொள்கிறார். மின்விசிறி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு அதன் மூன்று இறக்கைகளிலும் பெயர் எழுதச் சொல்லும் காலத்தில் வாழும் நமக்கு, இது கவனிக்கத் தக்கது.

இப்போது அளவைச் சொல்கிறேன். முழுக் கட்டடமும் ஏறத்தாழ 64 மீட்டர் நீளம், 32 மீட்டர் அகலம் கொண்ட ஒரே நீள்சதுரம். அதில் பள்ளிவாசல் 1,280 சதுர மீட்டர். மருத்துவமனை 768 சதுர மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டில் ஐந்து பங்கு தொழுகைக்கு. எட்டில் மூன்று பங்கு நோயாளிக்கு. கிப்லா அங்கே தெற்குத் திசை. மருத்துவமனை இருப்பதும் தெற்குப் பக்கமே. சஃப்பில் நிற்பவருடைய முகம் கஃபாவை நோக்குகிறது. மிஹ்ராபின் சுவருக்கு மறுபுறத்தில் நோயாளியின் அறை இருக்கிறது. கல்தச்சர் மனத்தில் இத்தகைய கருத்து இருந்தது என்று நான் வாதிட வரவில்லை. நிலத்தின் சரிவும் இடவசதியும் காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் ஜமாஅத் தொழுகையின் குர்ஆன் ஓசை படுக்கையில் கிடப்பவனின் காதில் விழும் தூரத்தில் இரண்டும் அமைந்தன என்பது கண்கூடு.

பள்ளிவாசலின் உள்ளே பதினாறு தூண்கள், இருபத்தைந்து சதுரங்களாகக் கூடத்தைப் பிரிக்கின்றன. ஒவ்வொரு சதுரத்தின் மேலும் கல்லாலான வளைவுக்கூரை. அந்தக் கூரைகளை அமைத்த விதத்தில் கல்தச்சர் தம் திறமை முழுவதையும் காட்டியிருக்கிறார். ஒன்றைப் பார்த்த கண் அடுத்ததில் வேறொரு முறையைக் காண்கிறது. மிஹ்ராபுக்கு முன்னுள்ள சதுரத்தின் மேல் ஒரு கும்மட்டம். வெளியிலிருந்து பார்த்தால் அது கூம்பாக எழுந்து நிற்கும். கூடத்தின் நடுவிலுள்ள சதுரத்தில் மட்டும் கூரையில் ஒரு திறப்பு. அதன் கீழே நீர்த்தொட்டி. இதன் காரணம் அந்த நாட்டின் குளிர். அரபு நாட்டுப் பள்ளிவாசல்களில் நடுவே பரந்த திறந்தவெளி முற்றமும் ஹவ்ழும் இருக்கும். திவ்ரிகியோ கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. மாதக்கணக்கில் பனி மூடிக்கிடக்கும். அங்கே திறந்த முற்றம் வைத்தால் தொழுவோர் உறைந்துபோவர். எனவே முற்றத்தைச் சுருக்கி, ஒரே ஒரு சதுரமாக்கி, வெளிச்சத்தையும் தண்ணீரையும் அதற்குள் வைத்துக்கொண்டார்கள். மார்க்கத்தின் மரபை விடாமலும், ஊரின் தட்பவெப்பத்தை மறக்காமலும் கட்டிய முறை இது.

மருத்துவமனையிலும் அதே அறிவைக் காணலாம். டமாஸ்கஸில் நூருத்தீன் மஹ்மூத் ஸன்கீ 1154இல் கட்டிய மருத்துவமனையின் நடுவே திறந்த முற்றம் இருக்கிறது. அனடோலியாவிலேயே கைஸேரியில் கவ்ஹர் நஸீபா என்னும் ஸல்ஜூக் இளவரசியின் பெயரால் 1206இல் எழுந்த மருத்துவமனையும், சிவாஸில் 1217இல் சுல்தான் கைகாவூஸ் கட்டியதும் முற்றமுடையவையே. குர்ரம்ஷாஹ் முற்றத்தின் மேல் கூரை போட்டு, நடு உச்சியில் வெளிச்சத்துக்கு வழி விட்டார். கீழே ஒரு நீர்த்தொட்டி. அதிலிருந்து வழியும் நீர் ஓட, தரையில் சுருள் வடிவமாக ஒரு சிறு கால்வாய் வெட்டப்பட்டிருக்கிறது. சுற்றிலும் ஈவான்கள், அதாவது மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்புமுள்ள உயர்ந்த வளைவுக் கூடங்கள்; அவற்றுக்கு இடையே அறைகள்; மேலே ஒரு மாடி. நோயாளி அறைக்கு வெளியே நான்கடி வைத்தால் குளிர்காற்றுப் படாமலே வெளிச்சத்தையும் தண்ணீரையும் காணலாம். அந்த நீரோசையைக் கேட்கச் செய்து மனநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார்கள் என்று பலரும் சொல்லுகிறார்கள். வேறு சில இஸ்லாமிய மருத்துவமனைகளைப் பற்றி அவ்வாறு எழுதியிருப்பது உண்மை. இங்கே அதுபற்றிக் கல்வெட்டு எதுவும் பேசவில்லை. ஆதாரமில்லாத பெருமையை அடுக்கித்தான் இந்தக் கட்டடத்தை உயர்த்த வேண்டும் என்ற அவசியம் நமக்கில்லை.

உரையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டேன். நான் உண்மையில் பேச விரும்புவது வாயில்களைப் பற்றி.

பள்ளிவாசலை அலங்கரிப்பது பற்றி மார்க்க அறிஞர்களிடையே நெடுநாளாக விவாதம் உண்டு. உமர் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியைப் புதுப்பிக்க ஆணையிட்டபோது, மழையிலிருந்து மக்களைக் காப்பதே நோக்கம் என்றும், கண்ணைப் பறிக்கும் நிறங்களைப் பூசித் தொழுவோரின் மனத்தைச் சிதறடிக்கலாகாது என்றும் எச்சரித்த செய்தி நாம் அறிந்ததே. பள்ளிகளைக் கட்டிப் பெருமையடித்துக்கொள்வது பற்றிய எச்சரிக்கைகளும் ஹதீஸ்களில் உண்டு. இந்தப் பாடங்களை ஓதி வந்தவன் என்ற முறையில், திவ்ரிகியின் வாயில்களை முதன்முதலில் படத்தில் பார்க்கும் எந்த ஆலிமுக்கும் ஒரு தயக்கம் எழும் என்பதை நான் மறுக்கமாட்டேன். அப்படிப்பட்ட வேலைப்பாடு அது. வடக்கு வாயில் ஏறத்தாழ பதினான்கரை மீட்டர் உயரம். கல்லிலே இலைகளும் மலர்களும் வட்டத் தட்டுகளும் சுவரைவிட்டு வெளியே புடைத்து நிற்கின்றன. சில இடங்களில் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் குடைந்திருக்கிறார்கள். வலப்பக்கமும் இடப்பக்கமும் ஒன்றுபோல் இருப்பதாகத் தோன்றும். உற்று நோக்கினால் ஒன்றில் இருப்பது மற்றொன்றில் இல்லை. மேற்கு வாயிலின் வேலைப்பாடோ பட்டுத்துணியின் நெசவைக் கல்லில் விரித்ததுபோல் மெல்லியது. அதன் பக்கச் சுவரில் இரட்டைத் தலைக் கழுகும் உண்டு.

ஆனால் உள்ளே சென்று பாருங்கள். தொழும் கூடத்தின் சுவர்கள் வெறுங்கற்கள். மிஹ்ராபிலும் கூரை வளைவுகளிலும் தவிர கண்ணை இழுப்பது எதுவுமில்லை. சஃப்பில் நிற்பவன் கண்ணெதிரே கல், மேலிருந்து இறங்கும் சிறு வெளிச்சம், அவ்வளவுதான். அலங்காரத்தை எல்லாம் வாசலோடு நிறுத்திவிட்டார் குர்ரம்ஷாஹ். உமர் (ரலி) அவர்களின் எச்சரிக்கை தொழுபவனின் கவனத்தைப் பற்றியது. அந்தக் கவனத்துக்கு இடையூறு செய்யாத இடத்திலேயே உளி தன் வேலையைக் காட்டியிருக்கிறது என்பது என் கருத்து. மாற்றுக் கருத்துடைய ஆலிம்கள் இருக்கலாம். அவர்களோடு அமர்ந்து பேச நான் ஆயத்தமாகவே இருக்கிறேன்.

அடுத்து, மருத்துவமனையின் வாயில். பள்ளிவாசலின் மேற்கு வாயில் இருக்கும் அதே முகப்பில், சற்றுத் தள்ளி அது நிற்கிறது. உயரம் ஏறத்தாழ 14 மீட்டர். அடுக்கடுக்காக உள்வாங்கிச் செல்லும் மாபெரும் வளைவு, நட்சத்திரங்கள், கதவுக்கு மேலே நடுவில் ஒரு மெல்லிய தூண் தாங்கும் சன்னல். பள்ளிவாசலின் மேற்கு வாயிலைவிட இது கம்பீரமானது என்று சொன்னால் மிகையாகாது. இதன் வழியே உள்ளே சென்றவர் யார்? காய்ச்சலில் நடுங்கியவர், கால் ஒடிந்தவர், வழிப்பயணத்தில் விழுந்த வணிகர், சித்தம் கலங்கியவரைக் கைப்பிடித்து வந்த உறவினர். அவர்களுக்கென்று பின்பக்கம் ஒரு சிறு கதவை வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

மன்னருக்கும் ஒரு தனிவாயில் இருந்தது. பள்ளிவாசலின் கிழக்குப் பக்கம், மன்னர் தொழுவதற்கென்று அமைத்த மேடைக்குச் செல்லும் வாயில் அது. பிற்காலத்தில் அது சன்னலாக மாற்றப்பட்டது. நான்கு வாயில்களுள் மிகச் சிறியதும் மிக அடக்கமானதும் எது என்று கேட்டால், அந்த மன்னர் வாயில்தான். ஊருக்கு நான்கு கதவுகளை வைத்தார்கள். நோயாளியின் கதவை மன்னரின் கதவைவிடப் பெரிதாக வைத்தார்கள். இந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதுவோர் பூவையும் கொடியையும் விரிவாக வருணிக்கிறார்கள். இந்த ஒப்பீட்டை ஏன் அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

பேசப்படுவது எது தெரியுமா? அஸர் நேரத்தை ஒட்டி மேற்கு வாயிலில் விழும் நிழல். கோடைக்கால மாதங்களில், தொழுகையில் நிற்கும் மனிதனின் உருவம் போன்ற நிழல் கல்லின் மேல் தோன்றுகிறது. அதன் படத்தை நம்மவர்கள் கைப்பேசியில் “அதிசயம், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்” என்று சுற்றவிடுகிறார்கள். நிழல் விழுவது உண்மை. திட்டமிட்டுச் செய்ததாக எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. நிழலைப் பார்க்கக் கூடுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது மருத்துவமனை வாயில். அதைத் திரும்பிப் பார்ப்பவர் குறைவு.

பள்ளிவாசலின் மிம்பரைப் பற்றியும் ஒரு சொல். நுணுக்கமான மரவேலையாலான அது ஹிஜ்ரி 638இல், அதாவது 1240–41இல் முடிந்தது. செய்தவர் இப்ராஹீமின் மகன் அஹ்மத், திஃப்லிஸ் நகரத்தார். இன்றைய ஜார்ஜியாவின் தலைநகரான திபிலிசிதான் அது. அது முடிந்து ஓரிரு ஆண்டுகளில், 1243இல், கோஸே தாக் போரில் மங்கோலியரிடம் ஸல்ஜூக் படை சிதறியது. அடுத்த சில பத்தாண்டுகளில் மெங்குஜெக் ஆட்சியும் வரலாற்றிலிருந்து மறைந்துபோயிற்று. அரசு போனது, கட்டடம் நின்றது. உஸ்மானியர் காலத்தில் பழுதுகள் பார்க்கப்பட்டன; 18ஆம் நூற்றாண்டில் மருத்துவமனை மத்ரஸாவாக மாறி, நோயாளிகள் இருந்த அறைகளில் மாணவர்கள் ஓதினார்கள். 1939 டிசம்பரில் எர்சின்ஜானை அழித்த பூகம்பத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே மலைப்பகுதியிலிருந்த இந்தக் கட்டடம் விழவில்லை. 1985ஆம் ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பல ஆண்டுகள் நீடித்த பெரும் பழுதுபார்ப்புப் பணிக்குப் பின், 2024இல் பள்ளிவாசல் மீண்டும் திறக்கப்பட்டது.

நமது நிர்வாகம் இவ்வாண்டு அறிக்கையில் விரிவாக்கப் பணிக்கான வரைபடத்தை இணைத்திருக்கிறது. அதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் உரிமை ஜமாஅத்தார் அனைவருக்கும் உண்டு. ஓர் இமாமுக்கும் உண்டு என்று நினைக்கிறேன். மினாராவின் உயரமும் சலவைக்கல்லின் விலையும் அதில் தெளிவாக இருக்கின்றன. வாரம் ஒருநாளேனும் ஒரு மருத்துவர் அமர்ந்து பார்ப்பதற்கு ஓர் அறை, அதுவும் மாடிப்படிக்கு அடியில் இல்லாமல் முன்வாசலை நோக்கிய ஓர் அறை, அந்த வரைபடத்தில் இடம்பெறுமா என்பதை இந்தக் கூட்டம் முடியுமுன் பேசி முடிவெடுக்க வேண்டுகிறேன். ஏணியில்லாமல் சக்கர நாற்காலி ஏறிவரச் சாய்தளம் வேண்டும் என்பதையும் அத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு செய்தியைச் சொல்லி அமர்கிறேன். அஹ்மத் ஷாஹ், தூரான் மலிக் இருவருடைய கப்ருகளும் எங்கே இருக்கின்றன என்று சிலர் கேட்கக்கூடும். மன்னர்கள் தங்களுக்கென்று தனியே பெரும் மண்டபம் கட்டிக்கொண்ட காலம் அது. இவர்களுடையவை என்று மரபாகக் காட்டப்படும் கப்ருகள், குடும்பத்தார் பிறருடைய கப்ருகளோடு, மருத்துவமனைக்குள்ளேயே வடகிழக்கு மூலையில் ஓர் அறையில் இருக்கின்றன. நோயாளிகள் தங்கிய அறைகளின் வரிசையில் அதுவும் ஒன்று. அந்த அறையின் ஒரு பக்கம் மருத்துவமனைக் கூடத்தைப் பார்க்கிறது. மறுபக்கம், பள்ளிவாசலின் கிப்லாச் சுவரில் ஒரு சன்னல் இருக்கிறது.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.